புகலிட அலுவலர் (ஐக்கிய அமெரிக்கா)

புகலிட அலுவலர் என்பவர், சொந்த நாட்டில் துன்புறுத்தலுக்கு உள்ளாக நேரிடும் என்ற அச்சத்தால் ஐக்கிய அமெரிக்காவில் பாதுகாப்புக் கோருபவரை நேர்காணல் செய்து, அவருக்குப் புகலிடம் வழங்கலாமா என்பதை முடிவு செய்யும் நடுவண் அரசு அலுவலர் ஆவார். இவர் நீதிபதி அல்லர். காவல்துறையைச் சேர்ந்தவரும் அல்லர். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கும் குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவைகள் என்னும் அமைப்பில் இவர் பணியாற்றுகிறார்.

குற்ற வழக்கொன்றில் நடந்து முடிந்த நிகழ்வே ஆராயப்படுகிறது. புகலிடக் கோரிக்கையிலோ இனி நடக்கக்கூடியதே முதன்மையான கேள்வியாகும்: திருப்பி அனுப்பப்பட்டால் இவருக்கு என்ன நேரும்? இதற்கான சான்று பெரும்பாலும் விண்ணப்பதாரரின் வாய்மொழியே. உயிருக்கு அஞ்சி ஓடி வருபவர் ஆவணங்களைத் திரட்டிக்கொண்டு வருவது அரிது. எனவே சில மணிநேர உரையாடலைக் கொண்டு ஒருவரது எதிர்காலத்தை முடிவு செய்ய வேண்டிய பொறுப்பு இவ்வலுவலருக்கு உண்டு.

சட்ட அடிப்படை

அகதிகளின் நிலை தொடர்பான 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையும், அதனை விரிவுபடுத்திய 1967 ஆம் ஆண்டு நெறிமுறையும் இத்துறையின் அடிப்படை ஆவணங்களாகும். ஐக்கிய அமெரிக்கா 1968 இல் நெறிமுறையில் இணைந்தது. 1980 ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம் உடன்படிக்கையில் உள்ள வரைவிலக்கணத்தை ஒட்டிய ஒன்றை உள்நாட்டுச் சட்டத்தில் சேர்த்தது. இதன்படி, பின்வரும் ஐந்து காரணங்களுள் ஒன்றினால் துன்புறுத்தப்பட்டவரோ, துன்புறுத்தப்படலாம் எனத் தக்க அடிப்படையுடன் அஞ்சுபவரோ அகதி ஆவார்:

1. இனம்
2. சமயம்
3. தேசிய இனம் அல்லது நாட்டுரிமை
4. குறிப்பிட்டதொரு சமூகக் குழுவின் உறுப்பினராக இருத்தல்
5. அரசியல் கருத்து

ஆபத்து உண்மையானதாக இருந்தால் மட்டும் போதாது. அந்த ஆபத்து இவ்வைந்து காரணங்களுள் ஒன்றுடன் தொடர்புடையதாகவும் இருக்க வேண்டும். வறுமை, பொதுவான வன்முறை, தனிப்பட்ட பகை ஆகியவை மட்டும் புகலிடத்திற்குப் போதுமானவை அல்ல. கோரிக்கைகள் பல மறுக்கப்படுவதற்கு இத்தொடர்பை நிறுவ இயலாமையே காரணமாகிறது.

"தக்க அடிப்படையுடைய அச்சம்" என்பதன் அளவை உச்ச நீதிமன்றம் 1987 இல் கார்டோசா-பொன்சேகா வழக்கில் விளக்கியது. துன்புறுத்தல் நிகழ்வதற்கான வாய்ப்பு 50 விழுக்காட்டிற்கு மேல் இருக்க வேண்டியதில்லை. பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் அச்சம் தக்க அடிப்படை உடையதாக இருக்கலாம் என்று அத்தீர்ப்பு குறிப்பிட்டது.

பிறரைத் துன்புறுத்தியவர், கடுங்குற்றம் புரிந்தவர், நாட்டின் பாதுகாப்பிற்கு ஊறு விளைவிப்பவர், வேறொரு நாட்டில் ஏற்கனவே நிலையாகக் குடியமர்ந்தவர் ஆகியோருக்குச் சட்டம் புகலிடத்தை மறுக்கிறது. பயங்கரவாத அமைப்பாகக் கருதப்படும் ஒன்றுக்குப் பொருளுதவி செய்தவரும் இத்தடைக்கு உட்படுவார்.

வரலாறு

1980 களில் புகலிடக் கோரிக்கைகளை அன்றைய குடிவரவு மற்றும் குடியுரிமையளிப்புச் சேவையின் மாவட்ட அலுவலர்கள் ஆராய்ந்தனர். பல வகை விண்ணப்பங்களுள் ஒன்றாகவே அவர்கள் இவற்றையும் கையாண்டனர். வெளியுறவுத் துறையின் கருத்துரை முடிவுகளில் பெரும் செல்வாக்குச் செலுத்தியது. இதனால் ஐக்கிய அமெரிக்காவுடன் நட்புறவு கொண்ட அரசுகளிடமிருந்து தப்பி வந்தோர் பாதிக்கப்பட்டனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1984 இல் எல் சால்வடோர், குவாத்தமாலா நாட்டவரின் கோரிக்கைகளில் 3 விழுக்காட்டிற்கும் குறைவானவையே ஏற்கப்பட்டன.

இதனை எதிர்த்துச் சமய அமைப்புகளும் அகதிகளும் 1985 இல் தொடுத்த வழக்கு, அமெரிக்க பாப்டிஸ்ட் திருச்சபைகள் வழக்கு என அறியப்படுகிறது. இவ்வழக்கு இணக்கமாக முடிக்கப்பட்டு, 1991 ஜனவரியில் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. முன்பு மறுக்கப்பட்டோர் உட்பட அவ்விரு நாட்டவர்க்கும் புதிய நேர்காணலும் புதிய முடிவும் வழங்க அரசு உடன்பட்டது.

இதே காலத்தில், 1990 ஜூலையில் வெளியான விதிகள், புகலிடத்திற்கு மட்டுமே உரிய தனி அலுவலர் பிரிவு ஒன்றை ஏற்படுத்தின. இப்பிரிவினர் 1991 இல் பணியைத் தொடங்கினர். வெளியுறவுக் கொள்கையின் தேவைகளிலிருந்து விலகி, ஒவ்வொரு கோரிக்கையையும் அதன் தகுதியை மட்டும் கொண்டு முடிவு செய்வதே இதன் நோக்கமாக இருந்தது. பின்னர் ஏற்பட்ட முக்கிய மாற்றங்கள் வருமாறு:

- 1995: விண்ணப்பித்தவுடன் வேலை அனுமதி கிடைக்கும் முறை மாற்றப்பட்டது. புகலிடம் வழங்கப்பட்டிருந்தாலன்றி, விண்ணப்பித்து 180 நாட்கள் கழிந்த பின்னரே வேலை அனுமதி என்ற விதி வந்தது.
- 1996: நாட்டிற்குள் வந்து ஓராண்டிற்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கெடு விதிக்கப்பட்டது. எல்லையில் பிடிபடுவோரை நீதிமன்ற விசாரணையின்றி விரைவாக வெளியேற்றும் முறையும் உருவானது.
- 2003: பழைய குடிவரவுச் சேவை கலைக்கப்பட்டு, புகலிட அலுவலர்கள் புதிய உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வந்தனர்.
- 2005: அடையாளத் தகுதிச் சட்டம் நம்பகத்தன்மை பற்றிய விதிகளைக் கடுமையாக்கியது.

தகுதியும் பயிற்சியும்

புகலிட அலுவலர் சட்டம் படித்தவராக இருத்தல் கட்டாயமன்று. எனினும் விரைவு வெளியேற்றம் பற்றிய சட்டப்பிரிவு, இப்பணியில் உள்ளவர் பிற நாடுகளின் நிலைமை, புகலிடச் சட்டம், நேர்காணல் முறை ஆகிய மூன்றிலும் தொழில்முறைப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. அவரை மேற்பார்வையிடுபவர் இத்துறையில் போதிய பட்டறிவு உடையவராக இருக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது.

இவ்வரையறை நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்டதும் உண்டு. 2019 இல் எல்லைக் காவல் அலுவலர்கள் சிலருக்குக் குறுகிய காலப் பயிற்சி அளித்து, புகலிட அலுவலர் பணியில் அமர்த்தினர். அவர்கள் பெற்ற பயிற்சி சட்டம் கோரும் அளவிற்கு இல்லை எனக் கண்ட நடுவண் மாவட்ட நீதிமன்றம், 2020 ஆகஸ்டில் இந்நடைமுறைக்குத் தடை விதித்தது.

பெண்கள் தொடர்பான கோரிக்கைகளைக் கையாள்வதற்கான வழிகாட்டுதல் 1995 இலும், சிறார் கோரிக்கைகளுக்கான வழிகாட்டுதல் 1998 இலும் வெளியிடப்பட்டன. சித்திரவதைக்கு உள்ளானோரை நேர்காணல் செய்யும் முறையும் பயிற்சியில் இடம்பெறுகிறது.

பணிகள்

புகலிட அலுவலரின் பணி இருவகைப்படும். அவர் இடும் முடிவின் விளைவும் இவ்விரண்டிலும் வேறுபடுகிறது.

முதலாவது, நாட்டிற்குள் இருந்துகொண்டு தாமாக முன்வந்து விண்ணப்பிப்போரின் கோரிக்கை. இவர்கள் ஐ-589 என்னும் படிவத்தை நிரப்பி அனுப்புகின்றனர். இப்படிவத்திற்கு நெடுங்காலம் கட்டணம் இல்லாதிருந்தது. 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம் 100 டாலர் கட்டணத்தை விதித்தது. நியூயார்க், நியூவர்க், மயாமி, ஹூஸ்டன், சிக்காகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ முதலிய இடங்களில் புகலிட அலுவலகங்கள் உள்ளன.

இரண்டாவது, "நம்பத்தகு அச்ச" நேர்காணல். எல்லையில் பிடிபட்டு விரைவு வெளியேற்றத்திற்கு உட்பட்டவர் திரும்பிச் செல்ல அஞ்சுவதாகக் கூறினால், அலுவலர் அவரை முதனிலையில் சோதிக்கிறார். அவர் புகலிடத் தகுதியை நிறுவக் கூடும் என்பதற்குக் குறிப்பிடத்தக்க வாய்ப்பு உள்ளதா என்பதே இங்குக் கேள்வியாகும். விண்ணப்பதாரர் தடுப்பு மையத்தில் இருப்பார். நேர்காணல் பெரும்பாலும் தொலைபேசி வழியே நடக்கும். விடை "இல்லை" என்றால், குடிவரவு நீதிபதி ஒருவரின் சுருக்கமான மீளாய்வுக்குப் பின் அவர் நாடுகடத்தப்படலாம்.

நேர்காணல்

விதிகளின்படி புகலிட நேர்காணல் எதிர்வாதத் தன்மையற்றது. அறையில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் இருப்பதில்லை. குறுக்கு விசாரணையும் இல்லை. விண்ணப்பதாரர் உண்மை கூறுவதாக உறுதிமொழி எடுக்கிறார். விரும்பினால் தம் செலவில் வழக்கறிஞரை அழைத்து வரலாம். கோரிக்கைக்குத் தேவையான செய்திகள் அனைத்தையும் கேட்டு வெளிக்கொணர்வது அலுவலரின் கடமையாகும். ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஆணையர் அலுவலகம் 1979 இல் வெளியிட்ட கையேடும், உண்மையைக் கண்டறியும் பொறுப்பை விண்ணப்பதாரரும் அலுவலரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறது.

ஆங்கிலம் அறியாத விண்ணப்பதாரர் தாமே மொழிபெயர்ப்பாளரை அழைத்து வர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் 18 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். விண்ணப்பதாரரின் வழக்கறிஞராகவோ, சாட்சியாகவோ, அவரது நாட்டு அரசின் பணியாளராகவோ இருத்தல் கூடாது. கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில், 2020 செப்டம்பர் முதல் 2023 செப்டம்பர் வரை, அரசே மொழிபெயர்ப்பாளரை வழங்கும் தற்காலிக ஏற்பாடு நடைமுறையில் இருந்தது.

விண்ணப்பதாரர் கூறியதை அவரது நாட்டு அரசிடம் கேட்டுச் சரிபார்க்கும் எளிய வழி அலுவலருக்கு இல்லை. கோரிக்கை பற்றிய செய்தி அவ்வரசுக்குத் தெரிந்தால் விண்ணப்பதாரருக்கும் அங்குள்ள உறவினர்களுக்கும் ஆபத்து நேரலாம் என்பதால், விவரங்களை மறைவாக வைக்க விதிகள் கட்டளையிடுகின்றன. எனவே வெளியுறவுத் துறையின் மனித உரிமை அறிக்கைகள், அரசு சாரா அமைப்புகளின் அறிக்கைகள், செய்தி இதழ்கள் ஆகியவற்றில் உள்ள நாட்டு நிலைமையுடன் வாய்மொழியை ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

நம்பகத்தன்மையை மதிப்பிடுதல்

இப்பணியின் மிகக் கடினமான பகுதி இதுவேயாகும். 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விண்ணப்பதாரரின் நடத்தை, விடை கூறும் பாங்கு, கூற்றுகளுக்கு இடையேயான முரண்பாடு ஆகியவற்றை ஒட்டுமொத்தச் சூழலில் வைத்து மதிப்பிடலாம். முரண்பாடு கோரிக்கையின் மையப் பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதில்லை; சிறு செய்தியில் உள்ள பிழையையும் கணக்கில் கொள்ள இயலும். ஆயினும் முரண்பாடுகள் பொய்யினால் மட்டும் தோன்றுவன அல்ல. பின்வருவனவும் காரணமாகலாம்:

- நினைவாற்றல்: கடுந்துன்பத்திற்கு உள்ளானவரின் நினைவில் நிகழ்ச்சிகளின் வரிசையும் நாட்களும் குழம்புவது இயல்பு. தடுப்புக் காவலில் பலமுறை அடிக்கப்பட்டவர், எத்தனையாவது முறை எது நடந்தது என்று கூற இயலாமல் போகலாம்.
- வெட்கம்: பாலியல் வன்முறைக்கு உள்ளானவர் முதல் நேர்காணலில் அதைக் கூறாமல், பின்னர் கூறுவதுண்டு. இது இட்டுக்கட்டிய கதையாகத் தோன்றும் ஆபத்து உள்ளது.
- நாட்காட்டி: எத்தியோப்பியா, நேபாளம் போன்ற நாடுகளில் வழங்கும் நாட்காட்டிகள் கிரெகோரியன் நாட்காட்டியிலிருந்து வேறுபடுகின்றன. மாற்றிக் கணக்கிடும்போது ஆண்டுகள் பிழைபடலாம்.
- உறவுமுறை: தமிழில் பெரியப்பா மகனையும் "அண்ணன்" என்றே அழைக்கிறோம். "அண்ணனைப் பிடித்துச் சென்றனர்" என்பது ஆங்கிலத்தில் உடன்பிறந்தவரைக் குறிப்பதாகிவிடும். படிவத்தில் உடன்பிறந்தோர் இல்லை என எழுதியிருந்தால் அது முரண்பாடாகத் தோன்றும்.
- பண்பாடு: அதிகாரியின் கண்ணை நேராகப் பார்க்காதிருப்பது சில சமூகங்களில் மரியாதை, வேறு சில சமூகங்களில் அது மறைத்தலின் அறிகுறி.

மறுபுறம், பொய்யான கோரிக்கைகளும் உள்ளன. கட்டணம் பெற்றுக்கொண்டு கதைகளைத் தயாரித்துக் கொடுத்த முகவர்களும் வழக்கறிஞர்களும் நியூயார்க்கில் தண்டிக்கப்பட்டுள்ளனர். ஒரே வகையான கதையைப் பலமுறை கேட்கும் அலுவலர் அடுத்து வரும் உண்மையான கதையையும் ஐயுறத் தொடங்குவது இதன் தீய விளைவாகும். முரண்பாடு காணும்போது அதனை விண்ணப்பதாரரிடமே எடுத்துக்கூறி விளக்கம் கேட்பதுதான் அலுவலர்களுக்குக் கற்பிக்கப்படும் முறையாகும்.

முடிவு

தாமாக முன்வந்து விண்ணப்பித்தவரின் கோரிக்கையில் அலுவலர் எழுதும் முடிவை மேற்பார்வை அலுவலர் சரிபார்க்கிறார். முடிவு பின்வருவனவற்றுள் ஒன்றாக அமையும்:

- புகலிடம் வழங்குதல்: விண்ணப்பதாரர் நாட்டில் தங்கிப் பணிபுரியலாம். துணைவரையும், 21 வயதிற்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். ஓராண்டிற்குப் பின் நிரந்தர வதிவுரிமை கோரலாம்.
- குடிவரவு நீதிமன்றத்திற்கு அனுப்புதல்: செல்லத்தக்க விசா முதலியன இல்லாதவரின் கோரிக்கை ஏற்கப்படாவிடில் அது நீதிபதிக்கு அனுப்பப்படும். நீதிபதி அதனைப் புதிதாக விசாரிக்கிறார்.
- மறுத்தல்: சட்டப்படியான குடிவரவு நிலை உடையவருக்கு முதலில் காரணங்களைக் கூறும் அறிவித்தல் அனுப்பப்படும். அவரது மறுமொழியைக் கருதிய பின்னரே மறுப்பு வழங்கப்படும்.

தவறாக வழங்கிய புகலிடம் பின்னர் தெரியவந்தால் அதனை விலக்கிக்கொள்ள வழியுண்டு. தவறான மறுப்பின் விளைவோ தொலைவில், வேறொரு நாட்டில் நிகழ்கிறது. அது கோப்பிற்குத் திரும்பி வருவது அரிது. இவ்விரு பிழைகளும் ஒரே எடை உடையன அல்ல. ஐயத்தின் பயனை விண்ணப்பதாரருக்கு அளிக்க வேண்டும் என்று 1979 ஆம் ஆண்டுக் கையேடு கூறுவதற்கு இதுவே அடிப்படையாகக் கருதப்படுகிறது.

பணிச்சுமை

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அமைப்பு 2008 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு கோரிக்கைக்குச் சராசரியாக 4 மணிநேரம் என்ற அளவு நடைமுறையில் இருந்தது. கோப்பைப் படித்தல், நேர்காணல், நாட்டு நிலைமையை ஆராய்தல், பாதுகாப்புச் சோதனை, முடிவை எழுதுதல் ஆகிய யாவும் இதில் அடங்கும். இந்நேரம் போதாது என்று அலுவலருள் பெரும்பாலானோர் அவ்வமைப்பிடம் தெரிவித்தனர்.

2018 ஜனவரியில் நிலுவையில் இருந்த கோரிக்கைகள் 3,11,000. அம்மாதம் முதல், கடைசியாக வந்த கோரிக்கையை முதலில் விசாரிக்கும் முறை மீண்டும் கொண்டுவரப்பட்டது. வேலை அனுமதிக்காக மட்டும் விண்ணப்பிப்போரைத் தடுப்பது இதன் நோக்கம் என அரசு கூறியது. ஆனால் முன்பே விண்ணப்பித்துக் காத்திருந்தோர் மேலும் பின்தள்ளப்பட்டனர். 2024 இல் நிலுவை 10 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

துன்பக் கதைகளை நாள்தோறும் கேட்பதால் அலுவலருக்கே ஏற்படும் உளப்பாதிப்பும் கவனத்திற்குரியது. இது இரண்டாம்நிலை உளக்காயம் எனப்படுகிறது. சிலரிடம் இது தூக்கமின்மையாக வெளிப்படுகிறது. சிலரிடம் எதையும் நம்பாத மனநிலையாகவோ, உணர்ச்சியற்ற தன்மையாகவோ வெளிப்படுகிறது. ஆகவே இது முடிவுகளின் தரத்தையும் பாதிக்கக் கூடும்.

விமர்சனங்களும் சர்ச்சைகளும்

2007 இல் சட்ட அறிஞர் மூவர் வெளியிட்ட "அகதிச் சூதாட்டம்" என்னும் பொருள்படும் ஆய்வு, ஒரே அலுவலகத்தில், ஒரே நாட்டவரின் கோரிக்கைகளில்கூட அலுவலருக்கு அலுவலர் ஏற்பு விகிதம் பெரிதும் வேறுபடுவதைக் காட்டியது. கோப்பு யார் கைக்குச் செல்கிறது என்பது முடிவைப் பாதிக்கிறது என்பதே இதன் சாரமாகும்.

அரசின் கொள்கைக்கும் அலுவலரின் சட்டக் கடமைக்கும் இடையே மோதல் ஏற்படுவதும் உண்டு. 2019 இல் புகலிடம் கோருவோரை விசாரணை முடியும்வரை மெக்சிகோவில் காத்திருக்கச் செய்யும் திட்டம் தொடங்கியது. அவர்கள் அங்கு ஆபத்துக்கு உள்ளாகக் கூடுமா என்பதைச் சோதிக்கும் பணி புகலிட அலுவலருக்குத் தரப்பட்டது. இதற்கு விதிக்கப்பட்ட அளவுகோல் மிகக் கடுமையானது என்றும், ஆபத்து உள்ள இடத்திற்கு ஒருவரைத் திருப்பி அனுப்பலாகாது என்ற கோட்பாட்டிற்கு இது முரணானது என்றும் கூறி, அலுவலர்களின் தொழிற்சங்கமே 2019 ஜூனில் இத்திட்டத்திற்கு எதிராக நீதிமன்றத்தில் கருத்துரை தாக்கல் செய்தது.

2022 இல் வந்த விதியொன்று, எல்லையில் வந்தோர் சிலரது முழுக் கோரிக்கையையும் நீதிமன்றத்திற்கு முன்பே முடிவு செய்யும் அதிகாரத்தை அலுவலருக்கு அளித்தது. இதற்கு மாறாக, 2025 நவம்பர் இறுதியில், வாஷிங்டனில் தேசியக் காவல் படையினர் இருவர் சுடப்பட்டதை அடுத்து, புகலிட முடிவுகள் அனைத்தையும் நிறுத்திவைப்பதாகக் குடிவரவுச் சேவை அமைப்பு அறிவித்தது.

தமிழருடன் தொடர்பு

ஐக்கிய அமெரிக்கா 1997 அக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகளை வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. இதனால், அவ்வமைப்பின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் வாழ்ந்து, வற்புறுத்தலினால் பணமோ பொருளோ கொடுத்த தமிழரின் கோரிக்கைகளும் பொருளுதவித் தடையைச் சந்தித்தன. அச்சுறுத்தலின் பேரில் செய்த உதவிக்கு விலக்களிக்கும் ஏற்பாடு 2007 இல் ஏற்பட்டது.

புகலிட அலுவலரின் முடிவைப் பற்றிய மிக முக்கியமான வழக்குகளுள் ஒன்றும் இலங்கைத் தமிழர் ஒருவர் தொடர்பானதே. துரைசிங்கம் வழக்கு என அறியப்படும் இதில், 2017 இல் மெக்சிகோ எல்லையைக் கடந்ததும் பிடிபட்ட ஒருவர், இலங்கையில் தாம் வேனில் கடத்தப்பட்டுக் கடுமையாகத் தாக்கப்பட்டதாகக் கூறினார். தாக்கியவர்கள் யார், ஏன் தாக்கினர் என்பது தமக்குத் தெரியாது என்றார். அலுவலர் அவரது கூற்றை நம்பினார். ஆயினும் சட்டம் கூறும் ஐந்து காரணங்களுடன் தொடர்பு நிறுவப்படவில்லை எனக் கொண்டு, நம்பத்தகு அச்சம் இல்லை என முடிவு செய்தார். இலங்கையில் தமிழர் கடத்தப்படுவது பற்றிய நாட்டு நிலைமைச் சான்றுகளை அலுவலர் கருதவில்லை என்பது விண்ணப்பதாரரின் வாதமாக இருந்தது. இதனை நடுவண் நீதிமன்றம் ஆராயலாம் என்று ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. 2020 ஜூன் 25 இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை மாற்றியது. இதன் விளைவாக, விரைவு வெளியேற்றத்தில் அலுவலரின் முடிவும் குடிவரவு நீதிபதியின் மீளாய்வுமே பெரும்பாலும் இறுதியானவை ஆயின.

பிற நாடுகளில்

- ஐக்கிய இராச்சியம்: உள்துறை அமைச்சின் அலுவலர்கள் முதல் முடிவை எடுக்கின்றனர். இலங்கைத் தமிழர் அறுவர் தொடர்பான சிவகுமாரன் வழக்கில், பிரபுக்கள் அவை 1987 இல் ஆபத்திற்கு "நியாயமான அளவு வாய்ப்பு" இருக்க வேண்டும் என்ற அளவுகோலை வகுத்தது. அவர்களுள் ஐவர் 1988 இல் திருப்பி அனுப்பப்பட்டனர். 1989 இல் அவர்களது மேல்முறையீடு ஏற்கப்பட்டு, அவர்கள் மீண்டும் அங்குச் சென்றனர். எனினும் 1991 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம், திருப்பி அனுப்பிய வேளையில் உரிமை மீறல் நிகழவில்லை என்றே தீர்ப்பளித்தது. 2019 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தமிழர் ஒருவரின் உடலில் இருந்த தீத்தழும்புகள் தொடர்பான வழக்கில், காயங்கள் விண்ணப்பதாரரின் கூற்றுடன் ஒத்துள்ளனவா என்பது பற்றி மருத்துவர் கருத்துரைக்கலாம் எனத் தெளிவுபடுத்தியது.
- கனடா: உச்ச நீதிமன்றத்தின் 1985 ஆம் ஆண்டு சிங் தீர்ப்பு, நம்பகத்தன்மை கேள்விக்குரியதாக உள்ளபோது விண்ணப்பதாரரை நேரில் கேட்க வேண்டும் என்றது. இதன் தொடர்ச்சியாக 1989 இல் குடிவரவு மற்றும் அகதிகள் வாரியம் செயற்படத் தொடங்கியது. அங்குச் சுயாதீனத் தீர்ப்பாயத்தின் உறுப்பினர்களே முடிவு செய்கின்றனர்.
- இந்தியா: 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இணையவில்லை; தனிச் சட்டமும் இல்லை. 1983 முதல் தமிழ்நாட்டிற்கு வந்த இலங்கைத் தமிழரை அரசு ஒரு குழுவாகவே ஏற்று முகாம்களில் தங்க வைத்தது. எனவே ஐக்கிய அமெரிக்காவில் உள்ளதைப் போன்ற புகலிட அலுவலர் பதவி இந்தியாவில் இல்லை.

இவற்றையும் பார்க்க

- அகதி
- அகதிகளின் நிலை தொடர்பான உடன்படிக்கை
- ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஆணையர்
- நாடுகடத்தல்
- புலம்பெயர் தமிழர்